ஏற்காட்ல இருந்து கீழ எறங்கறதுக்கு முன்னாடி: சேலத்துல காப்பீட்டு கார்டு எடுக்கற ஆஸ்பத்திரிய கண்டுபிடிக்கறது எப்படி

ஏற்காட்ல சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேங்க. ஆதார் காப்பி எடுக்க வர்றவங்கள்ல நெறய பேர் கையில ஒரு ஆஸ்பத்திரி ஃபைலும் இருக்கும், வெள்ளக்கடை, நாகலூர், மஞ்சக்குட்டைன்னு எல்லா பக்கமிருந்தும் வருவாங்க, வந்து நின்னு "அண்ணா சேலத்துல இந்த கார்டு எந்த ஆஸ்பத்திரில எடுப்பாங்க"ன்னு கேப்பாங்க, அதாவது முதலமைச்சர் காப்பீட்டு கார்ட ஏத்துக்கிட்டு வைத்தியம் பாக்கற ஆஸ்பத்திரி எதுன்னு. ஒவ்வொருத்தருக்கும் நின்னு சொல்லி சொல்லி இப்ப மொத்தமா எழுதி வச்சிரலாம்னு உக்காந்துட்டேன். நான் டாக்டரும் இல்ல, காப்பீட்டு ஆபீஸ்ல வேல பாக்கறவனும் இல்ல, எங்கப்பாவுக்காகவும் எங்க அக்காவுக்காகவும் அலைஞ்சதுல கத்துக்கிட்டதுதான் இதெல்லாம்.

மொதல்ல எங்கப்பா கதைய சொல்லிடறேன், அத சொன்னாத்தான் மத்தது எதுக்குன்னு புரியும். மூணு வருசம் முன்னாடி ஒரு ராத்திரி 9 மணிக்கு மேல அப்பாவுக்கு நெஞ்சு வலி, வேர்த்து ஊத்துது, ஏற்காடு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனோம், அங்க ஈசிஜி எடுத்து மாத்திரைய கொடுத்து உடனே கீழ கொண்டு போங்கன்னுட்டாங்க. 20 கொண்டை ஊசி வளைவு, அந்த இருட்டுல ஜீப்ல அப்பா தலைய மடில வச்சிக்கிட்டு எறங்கறோம், அப்ப ஒரு மாமா போன்ல "அந்த ஆஸ்பத்திரிக்கு போங்க, அங்க கார்டு எடுக்கறாங்க, என் கால் ஆபரேஷன் அங்கதான் ஆச்சு"ன்னு சொன்னாரு. போனோம். ரிசப்ஷன்ல கார்டு எடுப்பீங்களான்னு கேட்டேன், எடுப்போம்னாங்க. அட்மிஷன் போட்டு ஐசியூல சேத்து ஆஞ்சியோவும் எடுத்துட்டாங்க. காலைல 9 மணிக்கு காப்பீட்டு கவுண்டர் தொறந்தப்பறம்தான் தெரியுது, அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டு திட்டத்துல இருக்கறது நெசம், ஆனா எலும்புக்கும் யூராலஜிக்கும் (கிட்னி, மூத்திரப்பை சம்பந்தப்பட்டது) மட்டும்தான், இருதயத்துக்கு இல்ல. அதுக்குள்ள பில் 38,000 ரூபா. என் வீட்டுக்காரி கம்மலும் செயினும் அடகு கடைக்கு போச்சு. அப்பறம் அப்பாவ சேலம் கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரிக்கு மாத்தி அங்க இதே கார்டுல ஸ்டென்ட் வச்சாங்க, கையில இருந்து ஒரு ரூபா போகல.

அந்த ரிசப்ஷன் பொண்ணு பொய் சொல்லலங்க. நான்தான் கேள்விய சரியா கேக்கல. "கார்டு எடுப்பீங்களா"ன்னு கேட்டா திட்டத்துல இருக்கற எந்த ஆஸ்பத்திரிலயும் ஆமான்னுதான் வரும், ஏன்னா ஏதோ ஒரு டிபார்ட்மெண்டுக்கு எடுப்பாங்க. திட்டத்துல ஆஸ்பத்திரிய சேக்கறப்பவே எந்தெந்த பிரிவுக்குன்னு பிரிச்சுதான் சேக்கறாங்க. அதனால கேக்க வேண்டியது "இந்த நோய்க்கு, இந்த டிபார்ட்மெண்ட்ல, இந்த கார்டு எடுப்பீங்களா"ன்னு. இந்த ஒரு கேள்விய மலை மேல இருக்கறப்பவே கேட்டு பதில் வாங்கிட்டு எறங்கணும்.

சரி, அதுக்கு முன்னாடி உங்க கையில இருக்கறது எந்த கார்டுன்னு பாருங்க. இதுலயே பாதி கொழப்பம். நம்ம பக்கம் பெரும்பாலும் இருக்கறது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு திட்டம். 2009ல கலைஞர் காப்பீடுன்னு வந்துச்சு, 2012 ஜனவரில இப்ப இருக்கற பேர்ல மாறுச்சு, 2018ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத்தையும் இதோட இணைச்சுட்டாங்க. அதனால கலைஞர் கார்டு, அம்மா கார்டு, மோடி கார்டுன்னு ஆளுக்கொரு பேர் சொல்லுவாங்க, எல்லாம் சேந்து இப்ப ஒரே திட்டமா ஓடுது. குடும்பத்துக்கே சேத்து வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும். ஆளுக்கு 5 லட்சம்னு நெனச்சிட்டு வர்றாங்க, அப்படி இல்லைங்க, வீட்ல எல்லாருக்கும் சேத்துதான். வருமான வரம்பு முன்ன 72,000ஆ இருந்துச்சு, இப்ப வருசத்துக்கு 1,20,000.

மில்லுலயோ கம்பெனிலயோ வேல பாத்து சம்பளத்துல ஈஎஸ்ஐ புடிக்கறாங்கன்னா அது தனி வழி, மாச சம்பளம் 21,000 வரைக்கும் இருக்கறவங்களுக்கு. அவங்க நேரா தனியார் ஆஸ்பத்திரிக்கு போயி கார்ட நீட்டினா நடக்காது, மொதல்ல உங்க ஈஎஸ்ஐ டிஸ்பென்சரி இல்லன்னா சேலம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரில காட்டி அவங்க ரெஃபரல் எழுதி கொடுத்தாத்தான் மத்த ஆஸ்பத்திரி. அரசு ஊழியர், ஓய்வூதியர்களுக்கு இன்னொரு காப்பீடு இருக்கு, அதுக்கு ஆஸ்பத்திரி லிஸ்ட்டே வேற. இங்க நான் எழுதறது முதலமைச்சர் காப்பீட்ட பத்தி மட்டும்.

கார்டு உயிரோட இருக்கான்னு பாக்கறது அடுத்தது. திட்டத்தோட வெப்சைட் சிஎம்சிஹெச்ஐஎஸ்டிஎன் டாட் காம். அதுல ரேஷன் கார்டு நம்பரயோ காப்பீட்டு நம்பரயோ போட்டா உங்க குடும்பத்துல யார் யார் பேர் இருக்குன்னு வரும், அங்கயே இ-கார்டும் எடுத்துக்கலாம். பழைய கார்டு தொலைஞ்சிருச்சுன்னு அழுதுட்டு வர்றவங்களுக்கு நான் இதைத்தான் பிரிண்ட் போட்டு கொடுக்கறேன், நம்பர் இருந்தா போதும். சிலருக்கு தேடினா வராது. 2017ல ஸ்மார்ட் ரேஷன் கார்டு வர்றதுக்கு முன்னாடி பதிஞ்சவங்களுக்கு பழைய புத்தக கார்டு நம்பர்லயே கெடக்கலாம், அந்த புத்தகம் பரண்ல கெடந்தா தூசி தட்டி எடுத்து அந்த நம்பர போட்டு பாருங்க.

பேர்லதான் ரொம்ப அடி வாங்கறோம். ஆதார்ல ஒரு மாதிரி, ரேஷன் கார்டுல ஒரு மாதிரி, காப்பீட்டுல வேற மாதிரி. கல்யாணம் ஆகி போன பொண்ணோட பேர அப்பா வீட்டு ரேஷன் கார்டுல நீக்கியிருப்பாங்க, புருசன் வீட்டு கார்டுல இன்னும் சேத்திருக்க மாட்டாங்க, நடுவுல அந்த பொண்ணுக்கு எந்த கார்டும் இல்லாம நிக்கும், இத எங்க கடைல எத்தனையோ தடவ பாத்துட்டேன். உடம்பு நல்லா இருக்கறப்பவே இத சரி பண்ணி வச்சிருங்க தயவு செஞ்சு. எஸ்டேட் லைன் வீட்ல இருக்கறவங்க ரேஷன் கார்டு வேற ஊர்ல இருந்தா இங்க மாத்திக்கறது நல்லது, வருமான சான்று வாங்க நம்ம விஏஓகிட்டயே போயிக்கலாம்.

கார்டே இல்லன்னா சேலம் கலெக்டர் ஆபீஸ்ல காப்பீட்டு பதிவு மையம் இருக்கு. ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ கொடுக்கற வருமான சான்று, ஒரிஜினலும் காப்பியும் எடுத்துட்டு போங்க, குடும்ப தலைவர் நேர்ல போகணும், போட்டோ எடுப்பாங்க, கைரேகை வைப்பாங்க. காலைல மொத பஸ்ஸ புடிச்சு போயிருங்க. சனி, ஞாயிறு ஆபீஸும் இருக்காது, மலை ரோடு பூரா டூரிஸ்ட் காரா நிக்கும், அந்த ரெண்டு நாள விட்டுருங்க. யாராவது பணம் கொடுத்தா பதிஞ்சு தர்றேன்னு சொன்னா நம்பாதீங்க, பதிவுக்கு காசு கிடையாது.

இப்ப ஆஸ்பத்திரி தேடறதுக்கு வருவோம். அதே வெப்சைட்ல மாவட்ட வாரியா ஆஸ்பத்திரி லிஸ்ட் இருக்கு, சேலம்னு போட்டா கவர்மெண்டும் தனியாரும் சேந்து வரும். ஆயுஷ்மான் பாரத் வெப்சைட்லயும் ஆஸ்பத்திரி தேடற பக்கம் ஒண்ணு இருக்கு, அங்க மாநிலம், மாவட்டம் போட்டுட்டு எந்த பிரிவுன்னும் தேர்ந்தெடுக்கலாம். நம்ம ஊர்ல சிக்னல் கெடைக்காத எடம் நெறய, அங்க இருக்கறவங்க நெட்ட நம்ப வேணாம், 1800 425 3993ன்னு கட்டணமில்லா நம்பர் இருக்கு, தமிழ்லயே பேசலாம். அதுக்கு போன் பண்ணி "சேலம் மாவட்டத்துல கிட்னி கல் ஆபரேஷனுக்கு எந்தெந்த ஆஸ்பத்திரி இருக்கு"ன்னு நோய் பேர சொல்லி கேளுங்க. பேனா பேப்பர் வச்சிக்கிட்டு மூணு நாலு பேர எழுதிக்கங்க. நான் இங்க எந்த தனியார் ஆஸ்பத்திரி பேரையும் எழுதல, லிஸ்ட்ல புதுசா சேருவாங்க, சிலத எடுத்துருவாங்க, சில ஆஸ்பத்திரில ஒரு பிரிவு மட்டும் நின்னு போகும், போன வருசம் இருந்தத நம்பி இந்த வருசம் போகக் கூடாது. எங்க மாமா சொன்னதும் அவர் காலுக்கு உண்மைதான்.

லிஸ்ட்ல பேர் இருந்தா மட்டும் கெளம்பிராதீங்க, அந்த ஆஸ்பத்திரிக்கே ஒரு போன் போடுங்க. ரிசப்ஷன்ல எடுத்ததும் "காப்பீட்டு கவுண்டருக்கு குடுங்க"ன்னு சொல்லணும். அந்த கவுண்டர்ல வார்டு மேனேஜர் இல்ல லையசன் ஆபீசர்னு திட்டத்துக்காகவே ஒருத்தர் இருப்பாங்க, அவங்க வாயில இருந்து வர்ற பதில்தான் பதில். அவங்ககிட்ட நான் கேக்கறது இதெல்லாம்தான். இந்த நோய்க்கு இங்க கார்டு இருக்கா, அந்த டாக்டர் என்னிக்கு ஓபி பாக்கறாரு, அட்மிஷனுக்கு முன்னாடி எடுக்கற ஸ்கேன், ரத்த டெஸ்ட் கார்டுல வருமா நாங்க கட்டணுமா, ராத்திரில வந்தா கவுண்டர்ல ஆள் இருப்பாங்களா, என்னென்ன பேப்பர் கொண்டு வரணும். பதில் சொன்னவங்க பேரயும் நேரத்தயும் எழுதி வச்சிக்கங்க. அங்க போயி நின்னு "நேத்து 11 மணிக்கு இன்னார் சொன்னாங்க"ன்னு சொன்னா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

டெஸ்ட் விசயத்துல கொஞ்சம் கவனமா இருக்கணும். இந்த திட்டம் அட்மிஷன் போட்டு பண்ற குறிப்பிட்ட சிகிச்சைங்களுக்குத்தான், ஆயிரத்துக்கும் மேல சிகிச்சை லிஸ்ட்ல இருக்கு, கூட 52 பரிசோதனையும் இருக்கு. ஆனா சும்மா ஓபில டாக்டர பாத்து சளி காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கறது இதுல வராது. அதுக்கு நாகலூர் ஆரம்ப சுகாதார நிலையம், ஏற்காடு ஆஸ்பத்திரி போதும், பைசா இல்ல. அதனால தனியார்ல மொதநாள் ஓபி ஃபீஸ் கேட்டா அது தப்பில்ல. ஆனா அட்மிஷன் போட்டு காப்பீட்டுல அனுமதியும் வந்தப்பறம் ஆபரேஷனுக்கு, மருந்துக்கு, ரூமுக்குன்னு கேட்டா அது தப்பு, எல்லாம் சேத்துதான் பேக்கேஜ் தொகை. அனுமதிங்கறது ஆஸ்பத்திரிலயே ப்ரீ ஆத்னு சொல்லுவாங்க, உங்க ரிப்போர்ட்டெல்லாம் ஏத்தி காப்பீட்டு பக்கம் டாக்டருங்க பாத்து சரின்னு சொல்றது. திட்டமிட்டு பண்ற ஆபரேஷனா இருந்தா அந்த ப்ரீ ஆத் வந்தப்பறம் தேதி வாங்குங்க. உசுர் போற அவசரம்னா போன்லயே அனுமதி வாங்கற வழி இருக்கு, கவுண்டர்ல அத கேளுங்க.

இன்னொண்ணு, சில சிகிச்சைங்கள கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மட்டும்தான் பண்ணனும்னு ஒதுக்கி வச்சிருக்காங்க. தனியார்ல "இது எங்களுக்கு வராது, ஜிஹெச் போங்க"ன்னு சொன்னா எப்பவும் தட்டி கழிக்கறாங்கன்னு அர்த்தம் இல்ல. அந்த 1800 நம்பருக்கு போன் போட்டு உறுதி பண்ணிக்கங்க.

பெரியாஸ்பத்திரிய பத்தி தனியா சொல்லணும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கலெக்டர் ஆபீஸ் கிட்டயேதான், கோரிமேடு அஸ்தம்பட்டி வழியா எறங்கற நமக்கு தூரமும் இல்ல. அங்க எப்படியும் இலவசம்தானே கார்டு எதுக்குன்னு நெறய பேர் வீட்லயே வச்சிட்டு போயிர்றாங்க. அங்கயும் கார்ட கொடுங்க. அரசு ஆஸ்பத்திரில காப்பீட்டுல நடக்கற ஆபரேஷனுக்கு வர்ற பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே போகுது, அதுல கருவி வாங்கறாங்க, ஸ்டென்ட் மாதிரி சாமான் வாங்கறாங்க. நம்ம ஒரு நம்பர் கொடுத்தா அடுத்து வர்றவங்களுக்கும் உதவும். கூட்டம் இருக்கும், நிக்கணும், உண்மைதான், ஆனா இருதயம், கிட்னி, நரம்புன்னு பெரிய நோய்க்கு எங்க வீட்ல இப்ப மொதல்ல அங்கதான் போறோம்.

ரெண்டு மாசம் முன்னாடி கடைக்கு வந்த ஒரு பையன் ஒரு கேள்வி கேட்டான். அவன் சொந்தக்காரர் அமெரிக்கால இருக்காராம், அங்க டாக்டருக்கு பதிலா பிசிஷியன் அசிஸ்டென்ட்டயே (சுருக்கமா பிஏ, டாக்டருக்கு உதவியா இருக்க படிச்சவங்க) போயி பாக்கலாம், அரசு காப்பீடும் எடுத்துக்குவாங்கன்னு சொன்னாராம், சேலத்துலயும் பிஏ இருக்காங்களே, அவங்ககிட்ட கார்டுல பாக்கலாமான்னு கேட்டான். இங்க அப்படி இல்லைங்க. நம்ம நாட்டுல இந்த படிப்பு 1992ல சென்னைல மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல டாக்டர் கே.எம். செரியன் கொண்டு வந்தது, இப்ப நம்ம எம்ஜிஆர் மருத்துவ பல்கலைக்கழகத்துலயே பிஎஸ்சி பட்டமா இருக்கு, பயிற்சியோட சேத்து 4 வருசம். ஆனா அவங்க டாக்டருக்கு கீழதான் வேல பாப்பாங்க, தனியா கிளினிக் வச்சு பாக்கறதோ அவங்க பேர்ல காப்பீடு எடுக்கறதோ கிடையாது. பிஏன்னு போர்டு மாட்டி தனியா வைத்தியம் பாக்கறாங்கன்னா அங்க போகாதீங்க.

ஆனா ஆஸ்பத்திரிக்குள்ள அவங்கள தெரிஞ்சு வச்சிக்கறது ரொம்ப உபயோகம். ரவுண்ட்ஸ்ல பெரிய டாக்டர் ரெண்டு நிமிசம் நிப்பாரு, கூட நோட்டோட நிக்கற பொண்ணோ பையனோ பல எடத்துல பிஏவாதான் இருப்பாங்க, கேஸ் ஷீட் எழுதறது, டிஸ்சார்ஜ் சம்மரி தயார் பண்றதுன்னு அவங்க கை நெறய படும். எங்க அக்காவுக்கு போன வருசம் கர்ப்பப்பை ஆபரேஷன், இந்த தடவ எல்லாம் போன்ல கேட்டுட்டுதான் எறங்கினோம், மூணு ஆஸ்பத்திரிக்கு போட்டு ரெண்டு பேர் இல்லன்னாங்க, மூணாவது எடத்துல ஆமான்னாங்க. போனா ப்ரீ ஆத் ரெண்டு நாளா நிக்குது. அந்த வார்டுல இருந்த பிஏ பொண்ணுதான், ஆத்தூர் பக்கமாம், ஃபைல பொரட்டி பாத்துட்டு "அக்கா உங்க ஸ்கேன் ரிப்போர்ட்ல பேர் செல்வி, ஆதார்ல தமிழ்ச்செல்வி, அதனாலதான் திருப்பி அனுப்பறாங்க, ஸ்கேன் சென்டர்ல பேர திருத்தி வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லுச்சு. சாயங்காலம் திருத்தி கொடுத்தோம், மறுநாள் மதியம் அனுமதி வந்திருச்சு. ஸ்கேன் எடுக்கற எடத்துல பேர் கேக்கறப்ப வீட்ல கூப்பிடற பேர சொல்லாம ஆதார்ல இருக்கற பேர அப்படியே சொல்லணும்னு அன்னிக்கு தெரிஞ்சிக்கிட்டோம்.

கார்டு எடுக்கற ஆஸ்பத்திரியே அனுமதி வந்தப்பறமும் பணம் கேட்டா சத்தம் போடாதீங்க, உள்ள நம்ம ஆள் படுத்திருக்காங்க. ரசீது கேளுங்க, எதுக்குன்னு எழுதி கேளுங்க. ரசீது கேட்டதுமே பாதி பேர் நிறுத்திருவாங்க. அதுக்கும் மேலன்னா அதே 1800 425 3993க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சு புகார் நம்பர் வாங்கிக்கங்க. மாவட்ட அளவுல கலெக்டர் தலைமைல குறை தீர்க்கற குழுவும் இருக்கு, திங்கக்கிழமை மனு நாள்ல ரசீது காப்பியோட மனுவா கொடுக்கலாம். வாயால சொன்னது எதுவும் நிக்காது, பேப்பர்தான் நிக்கும்.

ரோடு விபத்துன்னா இந்த தேடல் எதுவும் வேணாம். மலை ரோட்டுல பைக் உருண்டு வர்றது நமக்கு தெரிஞ்சதுதான், அப்ப 108க்கு போட்டுட்டு ஏத்துங்க. இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48ன்னு 2021 டிசம்பர்ல வந்த திட்டத்துல, சேந்திருக்கற ஆஸ்பத்திரில மொத 48 மணி நேர சிகிச்சை இலவசம், காப்பீட்டு கார்டு இருக்கா, எந்த மாநிலத்து ஆள்னு எல்லாம் பாக்க மாட்டாங்க. டூரிஸ்ட் அடிபட்டாலும் இத அவங்களுக்கு சொல்லுங்க, பாதி பேருக்கு தெரியாது.

நெஞ்சு வலி, பக்கவாதம் மாதிரி வந்தாலும் லிஸ்ட் பாத்துட்டு உக்காந்திராதீங்க. இதுக்காகத்தான் முன்கூட்டியே செய்ய சொல்றது. வீட்ல சக்கரை, பிரஷர், இருதயம்னு யாருக்காவது இருந்தா இப்பவே ஒரு நாள் போன் பண்ணி, ராத்திரில வந்தாலும் இருதயத்துக்கு கார்டு எடுக்கற ரெண்டு எடத்த எழுதி கதவு பின்னாடி ஒட்டி வைங்க. எங்க வீட்ல காலண்டர் பக்கத்துல ஒட்டியிருக்கேன், பொங்கலுக்கு காலண்டர் மாத்தறப்ப போன் பண்ணி கேட்டு அதையும் மாத்திருவேன்.

ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல ரேஷன் கார்டு காப்பி, வீட்ல எல்லாரோட ஆதார் காப்பி, இ-கார்டு பிரிண்ட், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாம் போட்டு வைங்க, மழைக்காலத்துல மேல ஈரம் பாயும், ஃபைல் ஜிப் வச்சதா இருக்கட்டும். அவசரத்துல கெளம்பறப்ப அத மட்டும் தூக்கினா போதும்.

டிஸ்சார்ஜ் ஆகறப்ப சம்மரிய ஒரு தடவ நின்னு படிச்சு பாருங்க, இல்ல படிக்க தெரிஞ்சவங்கள விட்டு படிக்க சொல்லுங்க. மறுபடி என்னிக்கு வரணும், எந்த மாத்திரை எத்தன நாளைக்கு, தொடர் சிகிச்சைக்கும் கார்டு வருமான்னு கவுண்டர்ல கேட்டுட்டு கெளம்புங்க, சில நோய்க்கு தொடர் சிகிச்சைக்கும் திட்டத்துல எடம் இருக்கு. மேல வந்ததும் அந்த சம்மரி காப்பி ஒண்ண நம்ம ஏற்காடு ஆஸ்பத்திரில காட்டி வைங்க. பிரஷர், சக்கரை மாத்திரைக்காக மாசா மாசம் சேலம் எறங்க வேண்டியதில்ல, மக்களைத் தேடி மருத்துவத்துல பதிஞ்சா வீட்டுக்கே வந்து கொடுக்கறாங்க, எங்கப்பாவுக்கு பிரஷர் மாத்திரை இப்ப அப்படித்தான் வருது, வர்ற அக்கா பிரஷரும் பாத்து நோட்டுல எழுதிட்டு போறாங்க.